அண்ணி ஏன் சரி என்றார்

ஜனவரி 21, செவ்வாய்

அண்ணி கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஊதுதலையணை ஒன்று வாங்கி வந்திருக்கிறார். விமானத்துக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். போய் இறங்கியதும் ஆளுக்கொரு நல்ல தலையணை வாங்க வேண்டும் என்று நான் சொன்னபோது, தனக்கு வேண்டாம், இதுவே போதும் என்றார். "வாங்கிட்டு, அப்புறம் யார் தலையில கட்டுறது?"

அப்புறம் என்றால் எப்போது? கேட்கவில்லை.

அனுமதி போன வாரம் வந்தது. ஓய்வுபெற்றவர்கள் அந்த நாட்டில் நீண்ட காலம் தங்கிக்கொள்ளலாம் என்ற அனுமதி. அண்ணி பெயரில்தான். தொலைபேசி நிலையத்தில் வெளிநாட்டு டிரங்க் கால் இணைத்துக் கொடுத்து ஓய்வுபெற்றவர். மாதாமாதம் அரசு ஓய்வூதியம் வருகிறது. எனக்கு நான் நிருபராக இருந்த பத்திரிகை கொடுத்து அனுப்பியது ஒரு சுவர்க் கடிகாரம். ஆகவே நான் 'உடன் வாழும் உறவு'. பசுவோடு வந்த கன்று. அண்ணி அங்கே இருக்கும்வரை நான் இருக்கலாம். அண்ணி திரும்பினால் நானும் பெட்டி கட்ட வேண்டும். மூன்று மாதம் ஆனதும் குடிவரவு அலுவலகத்துக்கு அண்ணி நேரில் போய், இருக்கிறேன் அல்லது போகிறேன் என்று சொல்ல வேண்டும். அவர் ஒருவர் சொல்வதுதான் இரண்டு பேருக்கும்.

ஆசை என்னுடையது. அண்ணி என் கணவரின் அக்கா. கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் வழியில் வந்த உறவு மட்டும் என்னோடு தங்கிவிட்டது. போன வருடம் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சை எடுத்தேன். பதினொரு காரணங்களைத் தயாராக வைத்திருந்தேன். எந்த நாடு என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். கையிலிருந்த ஈரத் தலையணை உறையை ஒரு தரம் உதறிவிட்டு, "சரி, போவோம்" என்றார். முதல் காரணத்தைக்கூட நான் சொல்லி முடிக்கவில்லை.

இத்தனை சுலபமாகக் கிடைத்த பதில் எதுவும் என் நிருபர் வேலையில் மறுநாள் வரை நின்றதில்லை. அண்ணி ஏன் சரி என்றார்? இன்றுவரை தெரியவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

விமான நிலையம். வேலைக்காக எத்தனையோ முறை வந்திருக்கிறேன், கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் வரை. போனவர்களையும் வந்தவர்களையும் பற்றி எழுதியதோடு சரி. இன்று முதல் முறையாகக் கண்ணாடியின் அந்தப் பக்கம்.

பெட்டியை எடை போட்ட பெண் திரும்பி வரும் டிக்கெட்டைக் கேட்டாள். இல்லை, போவதற்கு மட்டும்தான் என்றேன். அவளுடைய மேலதிகாரி வந்தார். அனுமதியைக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, அண்ணியைப் பார்த்து, "திரும்பி வர மாட்டீங்களாம்மா?" என்றார், சொந்த அத்தையிடம் கேட்பது போல. நான் அண்ணி முகத்தைப் பார்த்தேன். அண்ணி கைப்பையின் ஜிப்பைச் சரி செய்துகொண்டிருந்தார்.

பிப்ரவரி 5, புதன்

வந்துவிட்டோம். மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, தெருவைப் பார்த்த ஜன்னல். கீழே சலவைக் கடை. குழாயை நாம் மூடுகிற பக்கம் திருப்பினால் தண்ணீர் வருகிறது. முதல் நாளே தரை முழுக்க நனைந்துவிட்டது. "நீ எழுதிக்கோ, நான் துடைக்கறேன்" என்றார் அண்ணி.

பிப்ரவரி 9, ஞாயிறு

அண்ணியின் மகன் போன் செய்தான். இனி ஞாயிறுதோறும் செய்வானாம். ஸ்பீக்கரில்தான் பேசுவார் அண்ணி. காதில் வைத்துக் கேட்டது போதும் என்பார். "உங்க ரூம் அப்படியே இருக்கும்மா. ஒரு பொருளை நகத்தல. எப்ப வந்தாலும் வரலாம்" என்றான். அண்ணி "பாக்கலாம்" என்றார். இது அவருக்கு ஆம் இல்லை, இல்லை என்பதும் இல்லை. அழைப்பு காத்திருக்கிறது என்பதற்கு அவர் துறையில் வைத்திருந்த பெயராக இருக்கலாம்.

ஒன்று கவனித்தேன். சலவைக் கடையில் பழைய மேஜைத் தொலைபேசி ஒன்று இருக்கிறது. அது அடித்தால் அண்ணி கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்க்கிறார். அடித்து முடிந்ததும் மறுபடி வெங்காயம். மகனின் அழைப்பாக இருக்கக் கூடாதா என்று பழக்கதோஷத்தில் காது போகிறதோ? பாவம்.

பிப்ரவரி 17, திங்கள்

இந்த ஊர் எனக்குப் பிடித்திருக்கிறது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. ஒன்றும் புரியவில்லை என்பதே காரணமாக இருக்கலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த வாரம் போல் இருக்கிறது.

இன்று பார்த்தவை: தெருவில் ஒரு வண்டிகூட இல்லை, இருந்தும் ஆறு பேர் சிவப்பு விளக்குக்குக் கட்டுப்பட்டு நின்றார்கள். நானும் நின்றேன். ஏழாவது ஆளாக நிற்பதில் ஒரு பெருமை. சலவைக்காரர் சட்டையில் முதலில் கழுத்துப்பட்டையைத் தேய்க்கிறார், கடைசியில் மறுபடி அதையே தேய்க்கிறார். ஏன் என்று சைகையில் கேட்டேன். ஒரு சட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். தேய்த்துப் பார்க்கக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல.

எதிர் வீட்டுக்காரர் காலையில் வாசலில் இருக்கும் ஐந்து பூந்தொட்டிகளுக்கும் தண்ணீர் விடுகிறார். நேற்று அருகில் போய்ப் பார்த்தேன்: இரண்டு செடி நிஜம், மூன்று பிளாஸ்டிக். தூசி போகத்தான் விடுகிறார் என்று ஊகிக்கிறேன். உறுதி செய்ய வேண்டும். மொழி தெரியாமல் எப்படிச் செய்வது?

அண்ணியிடம் சொன்னேன். "ஊர் விட்டு ஊர் வந்தும் அடுத்தவன் செடியை எண்ணறியே, பத்திரிகைக்காரி" என்றார்.

மார்ச் 3, திங்கள்

அண்ணி 'நடந்துட்டு வர்றேன்' என்று காலை பத்து மணிக்குப் போகிறார், சாயங்காலம் வருகிறார். இரண்டு வாரமாக, ஒன்று விட்டு ஒரு நாள். இன்று மழை பெய்து ஊரே சேறு. அவர் செருப்பின் அடியில் ஒரு பொட்டு மண் இல்லை. குடையும் நனையவில்லை.

நடந்துவிட்டு வரவில்லை. எங்கோ கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறார்.

கேட்டுவிடலாம். ஆனால் என் தொழிலில் கேள்வி கேட்பதற்கு ஒரு முறை உண்டு. பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கொடுத்தால் அதுவேதான் திரும்பி வரும். பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால், எதிராளி மௌனம் தாங்காமல் கொட்டிவிடுவார். கவுன்சிலர்கள் கொட்டியிருக்கிறார்கள். இன்று மாலை, "மழை பலமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

"ஆமா" என்றார் அண்ணி.

மார்ச் 12, புதன்

சாட்சி ஒன்று கிடைத்தது. அண்ணி அப்போதுதான் தெருமுனை திரும்பினார். சலவைக்காரரிடம் அந்தத் திசையைக் காட்டி, எங்கே என்று கையை விரித்தேன். அவர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, கடைக்குள் அரை வட்டம் சுற்றி வந்தார். வாயால் சத்தமும் கொடுத்தார். பிறகு ஆணியில் தொங்கிய நீலச் சீருடைகளைக் காட்டினார். விமான நிலைய ஊழியர்களின் துணி அவரிடம்தான் வெளுக்க வருகிறது. கொண்டுபோய்க் கொடுக்கும்போது அண்ணியை அங்கே பார்த்திருக்கிறார்.

விமான நிலையம்.

ஒரு சாட்சியை வைத்துச் செய்தி எழுதக் கூடாது.

மார்ச் 21, வெள்ளி

பின்னாலேயே போனேன். எனக்கு வயது அறுபத்தொன்று, பின்தொடர்வது கணவரின் அக்காவை. பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

தெருமுனையிலிருந்து விமான நிலையத்துக்கு ரயில் போகிறது. இங்கே தங்க எங்களுக்குக் கொடுத்த அட்டையைக் காட்டினால் கட்டணம் இல்லை. அண்ணி கடைசிப் பெட்டியில் ஏறினார், நான் அதற்கு முந்தியதில். நடுக்கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிந்தார். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணை மூடியிருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. வேண்டுதலா?

ரயில் அங்கேதான் முடிகிறது. இறங்கி, புறப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். பெரிய பலகைக்குக் கீழே, வரிசை நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தார். நான் தூணுக்குப் பின்னால். பலகையில் நம் ஊர் விமானம் நான்காவது வரியில் இருந்தது. அது மேலே ஏறி ஏறி, புறப்பட்டு, பலகையிலிருந்து மறைந்தது. அண்ணி எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடி, உதட்டை அசைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? ஊருக்குப் போகணும்னு இருக்கு அவங்களுக்கு. போய்ப் போய் வாசல்ல உக்காந்துட்டு வர்றாங்க. என் ஆசைக்கு நான் இழுத்துட்டு வந்துட்டேன். அவங்க சொல்ல மாட்டேங்கறாங்க — நான் கேக்க மாட்டேங்கறேன். தொழில் முறையாம், முறை. பயம்னு எழுதேன்.

பயம்.

மார்ச் 22, சனி

இன்று பொதுவாக ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மகனின் போன். குடிவரவு அலுவலக நேர்காணல் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டான். "அது முடிஞ்ச மறுநாளே டிக்கெட் போட்டுடலாமாம்மா? அத்தைக்கும் சேத்துதான்" என்றான். நான் உப்பு டப்பாவைத் தேடுகிற மாதிரி நின்றேன். அண்ணி, "முடியட்டும், பாக்கலாம்" என்றார்.

'முடியட்டும்' புதிது.

ஏப்ரல் 18, வெள்ளி

இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கவிழ்த்த பிறகு, எதிரெதிரே உட்கார்ந்தோம். டிவியை அணைத்தேன். "இங்க வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு" என்று சொல்லிவிட்டு வாயை மூடினேன். எப்படியும் இன்று கொட்ட வைப்பது என்று தீர்மானம்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். சலவைக் கடையின் இரும்புக் கதவு இறங்கியது. அண்ணி ஒரு தரம் இருமினார். இதோ வருகிறது என்று நிமிர்ந்தேன். வெறும் இருமல். மந்திரிகளும் தரகர்களும் காதலர்களும் பேசியதையெல்லாம் முப்பது வருடத்துக்கு மேல் கேட்டு, வீட்டு வாசல் தாண்டி ஒரு சொல் விடாதவர் அவர். என்னுடைய மௌனம் தொழிலுக்குக் கற்றது. அவருடையது சத்தியம் செய்து கொடுத்தது.

கடைசியில், "தூக்கம் வருது, நீ உக்காந்திரு" என்று எழுந்து போனார். ஊதுதலையணையில் காற்றடைக்கும் சத்தம் கேட்டது. நாளுக்கு நாள் காற்று இறங்குகிறது அதில். கீழே போர்வையை மடித்து வைத்துக்கொள்கிறார். தலையணை மட்டும் வாங்க மாட்டார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

போகத்தான் போகிறோம் என்று வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினேன். வருத்தப்பட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். பாதி வழியில், ஒரு பெண் ஏணி மேல் நின்று தெருப் பெயர்ப் பலகையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதைப் பார்த்து நின்றுவிட்டேன். பலகை கழுவுவதற்கென்று ஒரு ஆளா, அல்லது அந்தத் தெருக்காரியா? வருத்தம் மறந்துபோயிற்று. நாய் வாலை நிமிர்த்த முடியாது.

பிளாஸ்டிக் செடி விஷயமும் இன்னும் உறுதியாகவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் மனசு ஆறாது.

மே 6, செவ்வாய்

நேர்காணல். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அறைக்குள் அண்ணி மட்டும். நான் வெளியே நீள பெஞ்சில். நடுவில் கண்ணாடி. எல்லாம் தெரிந்தது, எதுவும் கேட்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் முப்பது வயதுக்குள் ஒரு பெண் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், இங்கிலீஷில் சொல்ல. அதிகாரி ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அண்ணி பக்கம் குனிந்து வாயைத் திறந்தார். அண்ணி அவரைக் கையமர்த்தினார்.

பிறகு அண்ணி பேசினார். நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு.

மொழிபெயர்ப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார். அதிகாரியின் தோள் குலுங்கியது. அழுகிறாரா என்று நான் எழுந்துவிட்டேன். சிரிப்பு. பக்கத்து மேஜைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணி முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. இன்னொன்று கேட்டார்கள், இன்னொன்று சொன்னார். முத்திரை விழுந்தது. எந்த முத்திரை?

வெளியே வந்து, "வா, காப்பி குடிக்கலாம்" என்றார்.

படிக்கட்டில் நிறுத்திவிட்டேன். தொழில் முறையெல்லாம் காற்றில் போயிற்று.

"அண்ணி, போறோமா இருக்கோமா?"

"இருக்கோம். ஏன் மூச்சு வாங்குது உனக்கு?"

"உள்ள என்ன சொன்னீங்க?"

"எத்தனை நாள் இருக்கப் போறீங்கன்னு அந்தப் பொண்ணு கேட்டா. புரிஞ்சுது. பதில் சொல்லத்தான் தோதா வாக்கியம் இல்ல. இருக்கிறதுல பக்கமா ஒண்ணு பாத்துச் சொன்னேன். 'இது கடைசி நிலையம், பயணிகள் அனைவரும் தங்கள் உடைமைகளுடன் இறங்கவும்.'"

எனக்குப் புரியவில்லை. காப்பி வந்த பிறகுதான் விளக்கினார். ரயிலிலும் விமான நிலையத்திலும் ஒவ்வொரு அறிவிப்பும் முதலில் இந்த ஊர் மொழியில் வருகிறது, உடனே அதே வாக்கியம் இங்கிலீஷில். ஒரே குரல், நிறுத்தி நிதானமாக, ஒரு நாளைக்கு நூறு தரம். "இதை விட என்ன வாத்தியார் வேணும்? காசும் கேக்கறதில்ல, திட்டறதும் இல்ல." கண்ணை மூடினால்தான் அவருக்குக் காது திறக்குமாம், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பழக்கம். இரண்டாவது கேள்விக்கு, 'தாமதத்துக்கு வருந்துகிறோம், உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று சொன்னாராம். எதற்கு என்று கேட்டேன். "கேள்வி சரியா விளங்கல. அதான் மரியாதையா ஒண்ணு சொல்லி வெச்சேன்."

நான் பின்தொடர்ந்ததைச் சொன்னேன்.

"தெரியுமே. தூணுக்குப் பின்னாடி உன் மஞ்சப் பை தெரிஞ்சுது."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே. வாய் நிறைய கேள்வி வெச்சுக்கிட்டு மழை பேஞ்சுது, மாசம் ஆச்சுன்னு சொன்னா, ஆமான்னுதான் சொல்ல முடியும்."

மே 7, புதன்

காலையில் சலவைக் கடைத் தொலைபேசி அடித்தது. அண்ணி தலையைச் சாய்த்தார். இன்று கேட்டேன். நேராக. நேற்றிலிருந்து எனக்கு வாய் துணிந்துவிட்டது.

அடித்து முடியும்வரை பொறுத்திருக்கச் சொன்னார்.

"ரெண்டு சின்னது, ஒரு பெரிசு. கேட்டியா? பெரிசு முடியும்போது லேசா ஒரு இழுப்பு. ஒவ்வொரு நாட்டு மணிக்கும் ஒரு ஜாடை உண்டு. அந்தக் காலத்துல லைன் போட்டுட்டு, அந்தப் பக்கம் எடுக்கற வரைக்கும் மணியைத்தான் கேட்டுக்கிட்டு இருப்போம். சிலது அதட்டும். சிலது கெஞ்சும். இந்த ஊர் மணி மட்டும் அவசரமே படாது. இது எந்த மாதிரி வீட்டுல அடிக்குது, எழுந்து வர இத்தனை நேரம் எடுத்துக்கறாங்களே, என்ன பண்ணிட்டு வருவாங்கன்னு நினைச்சுக்குவேன். கேக்க முடியுமா? கனெக்‌ஷன் குடுத்துட்டு விலகிடணும். வேலை அது."

"அதுக்காகவா வந்தீங்க?"

"நீ அன்னிக்கு மாடியில இந்த நாட்டுப் பேரைச் சொன்னே. சரின்னேன்."

நான் இழுத்து வரவில்லை. மூன்று மாதமாக என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த செய்தி முழுக்கத் தப்பு. ஒரு வரி மறுப்புப் போட்டால் போதாது, முதல் பக்கத்தில் போட வேண்டும். பதினொரு காரணங்கள் வைத்திருந்தேனே, ஒன்றையும் கேட்கவில்லையே என்றேன்.

"இப்பச் சொல்லு, கேக்கறேன்."

சொன்னேன். ஏழாவது வரும்போது தூங்கிவிட்டார்.

மே 11, ஞாயிறு

மகனிடம் அண்ணி விஷயத்தைச் சொன்னார்.  "அப்ப உங்க ரூமை என்ன பண்றதும்மா?" என்றான்.  நல்ல பிள்ளை, அதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இல்லை.

"பேரன் ஹால்ல உக்காந்து படிக்கறான்ல, அவனுக்குக் குடு. கட்டிலைச் சுவரோரம் தள்ளிட்டா மேஜை போடலாம். லீவுக்கு எல்லாருமா இங்க வாங்க. ஸ்டேஷன்ல இருந்து வழி சொல்றேன், எனக்கு மனப்பாடம்."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் ஜன்னலில் நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. இது வேறு மாதிரி கேட்காமல் இருப்பது.

மே 13, செவ்வாய்

பிளாஸ்டிக் செடி விஷயம் முடிந்தது. அண்ணி மாடிப்படியில் எதிர் வீட்டுக்காரரை நிறுத்தி, 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ஆரம்பித்திருக்கிறார். மனிதர் பயந்துவிட்டாராம். மீதியை அண்ணி கையாலும் காலாலும் கேட்டிருக்கிறார். தூசிக்காக இல்லை. செடிகள் அவர் மனைவி வாங்கி வைத்தவை. எது நிஜம், எது பொய் என்று இவரிடம் சொல்லாமலே அந்த அம்மாள் இறந்துபோனார். இவருக்குக் கண்ணும் மங்கல். எதற்கு வம்பு என்று எல்லாவற்றுக்கும் விடுகிறார்.

தூசி என்ற என் ஊகம் தப்பு. வரவர என் ஊகங்களின் லட்சணம் இப்படித்தான் இருக்கிறது.

எது நிஜம் என்று அவரிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "ஒரு குடம் தண்ணிதானே, விடட்டும்" என்றார் அண்ணி.

மே 17, சனி

நானும் ரயிலில் போக ஆரம்பித்திருக்கிறேன், காசு கேட்காத வாத்தியாரிடம் படிக்க. இரண்டு நாள் ஆகிறது. 'கதவுகள் மூடுகின்றன' வரை வந்திருக்கிறேன். எனக்குக் கண்ணை மூட முடியவில்லை, எதிரில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. "அதான் உனக்கு ஏறல" என்கிறார் அண்ணி.

திரும்பும் வழியில் மெத்தைக் கடைக்குப் போகலாம் என்று அண்ணியாகவே சொன்னார். ஏன் என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். கடையில் இருந்த எல்லாத் தலையணையையும் அமுக்கிப் பார்த்தார். ஒன்று கல், ஒன்று காற்று, ஒன்றில் காது புதைகிறது. கடைக்காரர் பொறுமையாக ஒன்றைக் காட்டி, மூன்று விரலை விரித்தார்: மூன்று வருடத்துக்குள் அமுங்கிப் போனால் மாற்றித் தருவார்களாம்.

அண்ணி அதைத் திருப்பி வைத்தார். ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டார். உள்ளே போய் எடுத்து வந்தார் கடைக்காரர். அதைத்தான் வாங்கினோம். உத்தரவாதச் சீட்டை நான்காக மடித்து, கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.